வாசகர் கேள்வி – பதில்: நேரத்தைப் பகுத்து உழைப்பதும் இடையில் ஓய்வெடுப்பதும்

சென்ற இதழில், கவனம் சிதறாமல் படிப்பது எப்படி என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, நேரத்தைச் சிறு சிறு சுற்றுகளாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓய்வெடுக்கும் முறையைச் சில வரிகளில் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: 1980களின் இறுதியில் ரோம் நகரில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ‘பொமொடோரோ’ (இத்தாலிய மொழியில் தக்காளி) என்ற இந்த முறை உருவானது. 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிட ஓய்வு. அப்படி நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. முறை இவ்வளவுதான். ஆனால் அதைக் கடைப்பிடிக்கும்போது எழும் சிக்கல்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறானவை என்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன.

கேள்வி: நான் உயர்நிலை நான்கில் படிக்கிறேன். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் மேசையில் உட்கார முடிகிறது. 25 நிமிட முறையை முயன்று பார்த்தேன். படிக்கும் நேரம் சரியாகவே போகிறது. ஆனால் ஐந்து நிமிட ஓய்வு அரை மணி நேரமாக நீண்டுவிடுகிறது. இன்னொரு பயமும் இருக்கிறது. கணிதத் தாளை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து எழுத வேண்டும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பழகினால் தேர்வு அறையில் உட்கார முடியாமல் போய்விடுமா, ஐயா?
– மாணவி, தெம்பனிஸ்

பதில்: ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கைப்பேசியைத்தான் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிடத்தை அரை மணி நேரமாக நீட்டும் ஆற்றல் வீட்டில் வேறு எந்தப் பொருளுக்கும் இல்லை. குறுங்காணொளிகளுக்கு முடிவே கிடையாது. ஒன்று முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். ஓய்வாக எடுத்துக்கொள்ளும் செயலுக்கு இயல்பாகவே ஒரு முடிவு இருக்க வேண்டும்: ஒரு குவளை தண்ணீர் குடிப்பது, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஒரு முறை நடந்து வருவது, காய்ந்த துணிகளில் நான்கை மடித்து வைப்பது, கை கால்களை நீட்டி நிமிர்வது. இவை தாமாகவே முடிந்துவிடும். நீங்களும் மேசைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

இதற்கு ஆய்வு அடிப்படையும் உண்டு. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்கு மாறும்போது நம் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார். தோழிகளின் குழு உரையாடலைப் பாதி படித்துவிட்டு வேதியியலுக்குத் திரும்பினால், மீதி உரையாடலும் உங்களோடு மேசைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கைப்பேசியை ஒலியை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. கூடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருந்தவர்கள், மேசையில் வைத்திருந்தவர்களைவிடச் சோதனைகளில் மேலாகச் செய்ததாக 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்த வேறுபாடு அதே அளவில் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இது செலவில்லாத ஏற்பாடு. முயன்று பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை. நேரம் பார்க்கக் கைக்கடிகாரமோ சமையலறைக் கடிகாரமோ போதும்.

எழுவதற்கு முன், அடுத்துச் செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘ஏழாம் கணக்கு, இரண்டாம் பகுதி, முக்கோணத்தின் கோணத்திலிருந்து தொடங்கு’ என்பதுபோல் திட்டவட்டமாக எழுதுங்கள். ‘கணிதம் படிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், திரும்பி வந்ததும் எங்கே தொடங்குவது என்ற தயக்கமே உங்களை மறுபடி எழுப்பிவிடும்.

உங்கள் இரண்டாவது கவலை நியாயமானது. பாடத்தைக் கற்கும் நேரம் வேறு, தேர்வுக்கு ஒத்திகை பார்க்கும் நேரம் வேறு. புதிய பாடம், புரியாத பகுதி, மனப்பாடம் ஆகியவற்றுக்குக் குறுகிய சுற்று பொருந்தும். அதிலும் கடைசி ஐந்து நிமிடத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்க ஒதுக்குங்கள். மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட இப்படி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்திற்குப் பிறகு பாடம் அதிகமாக நினைவிருந்தது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளது இதுவென்றே கருதுகிறேன். தேர்வு நெருங்கும்போது சுற்றை 35 நிமிடம், 50 நிமிடம் என்று நீட்டுங்கள். கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு முழுத் தாளையாவது தேர்வு அறையில் இருப்பதுபோல் இடைவேளையே இல்லாமல் எழுதுங்கள். கட்டுரையையும் ஒரே மூச்சில் எழுதுங்கள். கருத்து ஓடிக்கொண்டிருக்கும்போது மணியடித்தது என்பதற்காகப் பேனாவைக் கீழே வைக்க வேண்டாம்.

எட்டு மணிக்குத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை இரவு பத்து மணிக்குமேல் புதிய சுற்றைத் தொடங்குவது, மறுநாள் வகுப்பில் கவனிக்க வேண்டியதை இழப்பதில்தான் முடியும். நான்கு நல்ல சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாங்கியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஒரு பிழையைத் தேடி நிரலுக்குள் மூழ்கியிருக்கும்போது 25 நிமிட மணி அடித்தால் எரிச்சலாக இருக்கிறது. திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிப்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. இந்த முறை என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாதா?
– வாசகர், ஈசூன்

பதில்: 25 என்பது இயற்கை வகுத்த எண் அன்று, ஒரு மாணவர் தமக்குப் பொருந்துகிறது என்று கண்டுகொண்ட எண். உங்கள் வேலைக்கு 50 நிமிடமோ ஒன்றரை மணி நேரமோ ஏற்றதாக இருக்கலாம். மூழ்கியிருக்கும்போது மணியை நிறுத்திவிட்டுத் தொடர்வதில் தவறில்லை.

ஆனால் எல்லை எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்கள் நேரம் ஆக ஆகக் குறிகளைத் தவறவிடுவது ஏன் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். 1948இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அவர்களின் கவனம் குறையத் தொடங்கிவிட்டது. திரையை வெறுமனே கண்காணிப்பதும் நிரல் எழுதுவதும் ஒன்றல்ல. ஆர்வத்தோடு செய்யும் வேலையில் கவனம் நெடுநேரம் நிற்கும். இருந்தாலும் உங்கள் வேலைநாளில் அலுப்பூட்டும் பகுதிகளும் இருக்குமே: பதிவேடுகளைச் சரிபார்த்தல், மற்றவர் எழுதிய நிரலைப் படித்துக் குறை காணுதல், ஆவணம் எழுதுதல். பிழைகள் கண்ணில் படாமல் நழுவுவது அங்கேதான். அவற்றுக்குக் குறுகிய சுற்றையும், ஆழ்ந்த வேலைக்கு நீண்ட சுற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை தேடுவதற்கென்று ஒன்று சொல்கிறேன். ஒரு மணி நேரமாக ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அதை ஆழ்ந்த கவனம் என்று எண்ண வேண்டாம். மனம் ஒரே தடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எழுந்து காப்பிக்கடைவரை போய்வருவது, மேலும் ஒரு மணி நேரம் திரையைப் பார்ப்பதைவிடப் பயன்படும்.

கேள்வி: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். அலுவலகக் குறுஞ்செய்திகள் ஒரு பக்கம். வீட்டில் இருப்பதால் ஓய்வாக இருக்கிறேன் என்று எண்ணி அத்தை அழைப்பது ஒரு பக்கம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வயதானவர். ஆனால் ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிக்க முடியவில்லை.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இடையூறே வராத வீடு எங்கும் இல்லை. சிரில்லோவும் அப்படி ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. இடையூறு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர் வகுத்த வழி, 25 நிமிடக் கணக்கைவிட மதிப்புள்ளது என்பது என் கருத்து. யாராவது அழைத்தால் வேலையில் இருப்பதைச் சொல்வது, எப்போது வர முடியும் என்று பேசி முடிவு செய்வது, அதைக் குறித்துவைப்பது, சொன்ன நேரத்தில் தவறாமல் திரும்பிப் போவது. நான்காவது படியை விட்டுவிட்டால் முதல் மூன்றும் சில நாளில் மதிப்பிழந்துவிடும். ‘இதோ வருகிறேன் அத்தை’ என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வராமல் இருந்தால், அடுத்த முறை அவர் காத்திருக்கமாட்டார். நேராக அறைக்கே வந்துவிடுவார். ‘பதினோரு மணிக்கு வருகிறேன், சேர்ந்து தேநீர் குடிப்போம்’ என்று சொல்லிப் பதினோரு மணிக்கே போய் உட்கார்ந்தால், பத்தே முக்காலுக்கு அவராகவே அழைப்பதை நிறுத்திவிடுவார் என்று நம்புகிறேன். அவருக்கு வேண்டியது உங்கள் நாள் முழுவதும் அன்று. நீங்கள் எப்போது வருவீர்கள் என்ற உறுதிதான். அந்தத் தேநீர் நேரத்தையே உங்கள் நீண்ட ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து விலகி, இன்னொரு மனிதரோடு பேசும் பதினைந்து நிமிடத்தைவிட நல்ல ஓய்வு உங்களுக்கு அந்த வீட்டில் கிடைக்காது.

வெளியிலிருந்து வரும் இடையூறு மட்டுமன்றி, உள்ளிருந்து வருவதும் உண்டு. வேலையின் நடுவே ‘மின்கட்டணம் செலுத்தவில்லையே’, ‘மகனின் பள்ளிப் படிவம் எங்கே’ என்று தோன்றும். எழுந்து போகாமல் ஒரு தாளில் அதைக் குறித்துவிட்டுத் தொடருங்கள். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால்தான் அந்த நினைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன; தாளில் ஏறிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அலுவலகச் செய்திகளுக்கு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பார்த்துப் பதிலளிப்பேன் என்று குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரத் தாமதத்தைப் பொறுக்க முடியாத செய்தி அரிது. அப்படி ஒன்று வந்தால் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். வேலை நேரத்தையே சற்று மாற்றிக்கொண்டால் உதவும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூரில் அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்து, 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு முறையாக விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதத்திற்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். அத்தை எழுவதற்கு முன், காலை ஏழு மணிக்கே தொடங்குவது உங்களுக்கு ஏற்றதாக இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். இத்தாலியர் சொல்லும் 25 நிமிடமும் அதற்கு ஏறத்தாழச் சமம். நம் முன்னோர் இதை அறிந்துதான் நாழிகையை வகுத்தார்களா?
– மூத்த வாசகர், சிராங்கூன்

பதில்: ஒரு நாளை 60 கூறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 24 நிமிடம் வரும், நாழிகை அப்படிப் பிறந்த அளவு. மனித கவனத்தை அளந்து வகுத்தது என்பதற்குச் சான்று இல்லை. இரண்டும் அருகருகே வந்தது தற்செயலே. ஆனால் உங்களுக்கு நாழிகைக் கணக்குப் பழகியிருந்தால், நாளை அப்படியே ஒரு நாழிகை வாசிப்பு, பிறகு சிறிது நடை என்று பகுத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். வீட்டுப்பாடத்துக்கு மணி வைக்கலாமா? எத்தனை நிமிடம்? ஓய்வில் ஐபேட் கேட்கிறான். தமிழ்ப் பாடம் என்றாலே முகம் சுளிக்கிறான்.
– தந்தை, பொங்கோல்

பதில்: பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள், அவனே கேட்டால் இருபதாக்குங்கள். கடிகாரத்தைத் திருகி வைப்பது அவன் கையாகவே இருக்கட்டும். பெற்றோர் பக்கத்தில் நின்று ‘இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, எழாதே’ என்று சொல்லத் தொடங்கினால், அது கவனத்துக்கு உதவும் கருவி என்ற நிலை மாறித் தண்டனையாகிவிடும். ஒரு சுற்றுக்குள் ஒதுக்கிய வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டால் அவனை விட்டுவிடுங்கள். மீதி நேரத்துக்கு இன்னொரு பயிற்சித்தாளைத் தந்தால், மெதுவாகச் செய்வதே நல்லது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஐபேட் வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். உலகிலேயே பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2001ஆம் ஆண்டிலேயே அதற்கென்று தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பகல் வெளிச்சத்தில் வெளியே நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்புக் குறைவு என்பது நன்கு உறுதிப்பட்ட செய்தி. அருகில் வைத்துப் படித்த கண்ணுக்கு மறுபடியும் அருகிலேயே ஒரு திரையைக் கொடுத்தால் அது ஓய்வாகாது. சன்னல் வழியே எதிர்ப் புளோக்கையோ தொலைவிலுள்ள மரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே நீண்ட ஓய்வை வைத்து, கீழே விளையாட்டிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தமிழைப் பொறுத்தவரை, பல வீடுகளில் ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் முடிந்து, பிள்ளை களைத்துப்போன கடைசிச் சுற்றுதான் அதற்குக் கிடைக்கிறது. களைப்பின் கசப்பு முழுவதும் அந்தப் பாடத்தின்மேல் படிந்துவிடுகிறது. ஒரு மாதத்திற்குத் தமிழை முதல் சுற்றில் வைத்துப் பாருங்கள். எழுத்துவேலைக்கு முன் இரண்டு நிமிடம் தாத்தா பாட்டியிடமோ உங்களிடமோ உரக்க வாசித்துக் காட்டட்டும். கேட்க ஓர் ஆள் இருந்தால் பிள்ளைகள் வாசிக்கும் விதமே மாறும்.

வீட்டிலும் பள்ளியிலும், பிடித்த விளையாட்டில்கூட, சில நிமிடத்துக்குமேல் அவனால் ஒன்றில் நிற்க முடியவில்லை என்றால் மட்டும், கடிகாரத்தை நம்பியிராமல் வகுப்பாசிரியரிடமும் பலதுறை மருந்தக மருத்துவரிடமும் பேசுங்கள்.

கேள்வி: துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். பாதுகாப்பு மேற்பார்வைக்கான சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். பாடம் முழுவதும் ஆங்கிலம். தங்குவிடுதி அறையில் பலர் இருப்பதால் அமைதி இல்லை. வேலை முடிந்து வந்து புத்தகத்தை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் கண் சொருகுகிறது. 25 நிமிடம் என்பது எனக்கு நடக்கக்கூடியதா, ஐயா?
– வாசகர், துவாஸ்

பதில்: தம்பி, நாள் முழுவதும் வெயிலிலும் இரும்பிலும் உழைத்த உடம்பு இரவில் தூக்கம் கேட்பது இயல்பு. உங்கள் மனவுறுதியில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தூக்கத்தோடு போராட வேண்டாம். வேலை நாளில் பத்து நிமிடச் சுற்று ஒன்று போதும்; அதையும் இரவில் வைக்காமல், காலையில் மற்றவர்கள் எழும் முன்னோ, குளித்துச் சாப்பிட்டு உடம்பு தெளிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் பாடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. மதிய உணவு இடைவேளையில் படிக்க வேண்டாம். தொழிலாளரிடம் பொதுவாக ஆறு மணி நேரத்துக்குமேல் ஓய்வின்றித் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது என்று வேலை நியமனச் சட்டம் சொல்வது, உடம்பு மீள்வதற்காகத்தான். உயரத்திலும் கனரக இயந்திரங்களுக்கு நடுவிலும் வேலை செய்பவருக்கு அந்த ஓய்வு உயிர்க்காப்பு.

வேலைக்குப் போகும் வண்டியில் காதால் படிக்கலாம். பாடத்தின் முக்கியப் பகுதிகளைக் கைப்பேசியில் உங்கள் குரலிலேயே, ஆங்கிலச் சொல்லும் தமிழ் விளக்கமுமாகப் பதிந்துவைத்துக் கேளுங்கள். போகும் வழியில் ஒரு பகுதி, மறுநாள் அதையே மறுபடி ஒருமுறை என்று சென்றால் போதும்.

ஓய்வுநாள்தான் உங்கள் முழுச் சுற்றுகளுக்கு உரிய நாள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்காவுக்குப் போகும் வழக்கம் இருந்தால், அதற்கு முன் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்திற்குப் போங்கள். காலை பத்து மணிக்குத் திறக்கும்; குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருக்கும்; உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அங்கே நான்கு சுற்று, இடையில் எழுந்து நடை என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். பிறகு நண்பர்களோடு நிம்மதியாகச் சாப்பிடலாம். முதல் சுற்றில் அந்த வாரம் கேட்ட பகுதிகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் புதிய பாடத்துக்கு. நான்காவதில் புரியாத ஆங்கிலச் சொற்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, திங்கட்கிழமை பட்டறையில் உங்கள் மேற்பார்வையாளரிடம் அந்தப் பொருளையே காட்டிக் கேளுங்கள். சாரக்கட்டையும் பாதுகாப்பு வாரையும் நாள்தோறும் கையில் பிடிப்பவர் நீங்கள். பாடத்தில் உள்ளவற்றில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள்களாகத்தான் இருக்கும்.